கொத்துத் தலைவலி: தடுப்பு மருந்துக்கும் தேவை கண்காணிப்பு

புதுதில்லி: ஒரு கண்ணைச் சுற்றிக் குடைந்தெடுக்கும் வலி, அதே பக்கம் கண்ணீர், மூக்கடைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடித்து, ஒரே நாளில் எட்டு முறைகூடத் திரும்ப வரும் இந்நோயைக் 'கிளஸ்டர்' தலைவலி, அதாவது கொத்துத் தலைவலி என்கின்றனர் மருத்துவர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவரைத் தாக்கும் இது, மைக்ரேன் என்றும் சைனஸ் என்றும் பல்வலி என்றும் தவறாகக் கணிக்கப்படுவது உலகெங்கும் உள்ள குறை.

வந்த வலியைத் தணிக்க முகமூடி வழியே ஆக்சிஜனும் சுமட்ரிப்டான் ஊசியும் உதவுகின்றன. வராமல் தடுக்க அன்றாடம் மாத்திரை உண்ண வேண்டும். ஆனால், இதற்குத் தரப்படும் மாத்திரைகள் பிற நோய்களுக்காக உருவானவை. வெரபாமில் இதய நோய்க்கு உரியது. லித்தியம் மனநல மருத்துவத்திலிருந்து வந்தது. டோபிரமேட் வலிப்பு நோய்க்கானது. ஆகவே, பக்கவிளைவுகளைக் கண்காணிப்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமாகிறது.

இதயத்துக்கு எச்சரிக்கை

முதல் தெரிவான வெரபாமில், நாளொன்றுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கிச் சிலருக்கு 960 மில்லிகிராம் வரை உயர்த்தப்படுகிறது. மலச்சிக்கல், கணுக்கால் வீக்கம், ஈறு தடிப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். இதயத்தின் மின்னோட்டம் தடைப்படுவதோ நோயாளிக்கே தெரியாமல் நேரக்கூடியது. 2007-இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இ.சி.ஜி. எடுக்கப்பட்ட 108 பேரில் 21 பேருக்கு இதயத் துடிப்பில் கோளாறு காணப்பட்டது. எனவே, மருந்தைத் தொடங்கும் முன்பும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் இ.சி.ஜி. எடுப்பது அவசியம். அளவு மாறாத நிலையிலும் அவ்வப்போது எடுக்க வேண்டும்.

இங்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மைக்ரேன் என்று கருதி ஏற்கெனவே புரோப்ரனலால் கொடுக்கப்பட்டவருக்கு வெரபாமிலும் சேர்ந்தால், இதயத் துடிப்பு அபாயகரமாகக் குறையலாம். பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

லித்தியமும் கோடை வெயிலும்

லித்தியத்தில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாட்டையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். வட இந்தியக் கோடையில் உடல் நீர் வற்றினாலும், கடையில் வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளைச் சேர்த்து விழுங்கினாலும் அதன் அளவு ஏறும். கைநடுக்கம் மிகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்ற மருந்துகள் பலன் தரும்வரை சில நாட்களுக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன், சர்க்கரையை உயர்த்தும், தூக்கத்தைக் கெடுக்கும். கட்டுப்பாடற்ற ஸ்டீராய்டு பயன்பாடும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021-ஆம் ஆண்டின் கறுப்புப் பூஞ்சை நோய் நாட்டுக்கே காட்டியது. டோபிரமேட்டால் கைகால் மதமதப்பு, சொல் மறதி, சிறுநீரகக் கல் ஆகியவை ஏற்படலாம். தண்ணீர் நிறையக் குடிப்பது கல்லைத் தவிர்க்க உதவும். கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்க்கின்றனர்.

புகார் செய்ய வழி உண்டு

பக்கவிளைவுக்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்தினால் வலி மீண்டும் தாக்கலாம். அளவைக் குறைப்பதா, மாற்று மருந்தா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

2010-இல் மத்திய அரசு தொடங்கிய இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் தேசிய மையம், தலைநகரை அடுத்த காஜியாபாத்தில் இயங்கும் இந்திய மருந்தியல் ஆணையத்தில் உள்ளது. மருத்துவர்கள் மட்டுமன்றி நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதை மருந்துச் சீட்டு எழுதும் இடத்திலேயே நோயாளிக்குச் சொல்ல வேண்டாமா? சிறு மருத்துவமனையிலும் எடுக்கக்கூடிய ஓர் இ.சி.ஜி. தவறிப்போவதால் ஓர் உயிர் போகுமானால், அதை மருந்தின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.