யார் இந்த சரண்ஜித் சிங்? 1982-ல் விற்காத ரெக்கார்டு... 28 வருஷம் கழித்து ஐரோப்பா கொண்டாடியது ஏன்?

சேலம், நாமக்கல் பக்கம் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளில் பாடுபவரை எல்லோருக்கும் தெரியும். பின்னால் கீபோர்டு வாசிப்பவர் பெயர் பலருக்குத் தெரியாது. இந்தி சினிமாவில் அப்படிப் பின்னால் நின்றே வாசித்த ஒருவரை, 70 வயதுக்கு மேல் ஐரோப்பிய கிளப்கள் மேடையேற்றின. அவர்தான் சரண்ஜித் சிங்.

யார் இவர்?

மும்பை ஸ்டுடியோ இசைக்கலைஞர். கிட்டார், பேஸ் கிட்டார், சிந்தசைசர் என எல்லாம் வாசிப்பார். ஆர்.டி.பர்மன், ஷங்கர்-ஜெய்கிஷன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் வேலை செய்தவர். தனிக் குழு வைத்து கல்யாண வீடுகளிலும் வாசித்தார்.

1982-ல் என்ன செய்தார்?

'குர்பானி', 'டிஸ்கோ டான்சர்' என இந்தி சினிமாவில் டிஸ்கோ அலை அடித்த நேரம். ராகத்துக்கு தபலாவுக்குப் பதில் டிஸ்கோ தாளம் போட்டால் என்ன என்று யோசித்தார் சிங். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள் போதுமானதாக இருந்தன. மெட்டுக்கு ஜூபிடர்-8, பேஸுக்கு டிபி-303, தாளத்துக்கு டிஆர்-808. பாடகர் கிடையாது.

'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற அந்த ஆல்பத்தை ஹெச்.எம்.வி. வெளியிட்டது. அதில் உள்ள பூபாலி நம்ம ஊர் மோகனம். மால்கவுன்ஸ்தான் ஹிந்தோளம். யமன் ராகம் கல்யாணிக்கு நெருக்கமானது. ஆனால் ரெக்கார்டு விற்கவில்லை.

டிபி-303 ஏன் முக்கியம்?

பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக வந்த சின்ன பெட்டி அது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்காததால் எடுபடவில்லை. 1984-ல் தயாரிப்பே நின்றது. பழைய பெட்டிகள் மலிவு விலைக்குக் கைமாறின.

சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அப்படி ஒன்றை வாங்கி, வாசிக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகியது. சத்தம் நெளிந்து வளைந்தது. 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியானது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற கிளப் இசை அதிலிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

அப்போ, முதலில் கண்டுபிடித்தது சிங்தானா?

இங்கேதான் பலர் குழப்புகிறார்கள். அதே கருவியை வைத்து, ஏறக்குறைய அதே சத்தத்தை 5 வருஷம் முன்பே எடுத்தவர் சிங். அது உண்மை. ஆனால் சிகாகோ இளைஞர்கள் அவர் ரெக்கார்டைக் கேட்டதாக எந்த ஆதாரமும் இல்லை. அதனால் 'ஆசிட் ஹவுஸின் தந்தை' என்ற பட்டம் சரியாகப் பொருந்தாது.

ரெண்டு பேர் போன வழியும் வேற. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி டிபி-303-ல் உண்டு. ராகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. சிகாகோக்காரர்கள் கருவியை அதன் போக்கில் அலையவிட்டார்கள். சிங் அதை ஆரோகணம், அவரோகணத்துக்குள் நடக்க வைத்தார்.

எப்படி வெளியே வந்தது?

நெதர்லாந்தைச் சேர்ந்த ரெக்கார்டு சேகரிப்பாளர் எடோ போமன், 2002-ல் டெல்லியில் இந்த ரெக்கார்டைக் கண்டெடுத்தார். பிறகு மும்பையில் சிங்கைத் தேடிப் பிடித்து, 2010-ல் மறுபடி வெளியிட்டார். யாரோ இப்போது செய்துவிட்டு பழசு என்று கதை விடுகிறார்கள் என்றுகூட சிலர் சந்தேகப்பட்டார்கள்!

அதன்பிறகு அதே ராகங்களை வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார் சிங். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். அந்த அங்கீகாரத்தை அவர் கண்ணால் பார்த்தது வெறும் 5 வருஷம்தான்.

10 ராகங்களும் இன்று ஆன்லைனில் கிடைக்கின்றன. ஹிந்தோளம் பிடித்தவர்கள் மால்கவுன்ஸில் தொடங்கலாம். ஹெட்போன் கட்டாயம், பேஸ்தான் இதில் ஹீரோ.