நின்றுகொண்டே பாடம் கேட்டவர்கள்

வளாகமும் விசுவாசமும் – 7

1937 அக்டோபரில் போலந்துப் பல்கலைக்கழகங்களில் ஒரு புது முத்திரை புழக்கத்துக்கு வந்தது. மாணவர்கள் படித்த பாடங்களையும் பெற்ற மதிப்பெண்களையும் பதிந்து வைக்கும் கையேட்டில் அதைக் குத்துவார்கள். வார்சா பல்கலைக்கழகத்தில் யூத மாணவருடைய கையேடாக இருந்தால், ஒற்றைப்படை எண் போட்ட பெஞ்சுகளில்தான் அவருக்கு இடம் என்று அந்த முத்திரை சொல்லும். ‘கெட்டோ பெஞ்சு’ என்று இதை அழைத்தார்கள். லுவோவ் நகரத்துப் பாலிடெக்னிக்கில் (அந்த நகரம் இன்று உக்ரைனில் லிவிவ்) இந்த வழக்கம் 1935 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது.

யூத மாணவர்கள் அந்தப் பெஞ்சுகளில் உட்கார மறுத்தார்கள். வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள். நின்றவர்களுக்கு அடி விழுந்தது. கைத்தடியின் நுனியில் சவரத் தகடு பொருத்திக்கொண்டு வந்த மாணவர்கள் உண்டு. லுவோவில் 1938, 1939 ஆண்டுகளில் யூத மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 1920களின் தொடக்கத்தில் போலந்து மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதர். போர் தொடங்கும் தறுவாயில் அவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இந்த ஏற்பாட்டை அரசாங்கம் தானாக யோசித்துக் கொண்டுவரவில்லை. மாணவர்கள் கேட்டார்கள், வகுப்புகளை நடக்கவிடாமல் செய்தார்கள், கடைசியில் கல்வி அமைச்சு இறங்கி வந்தது. கேட்ட மாணவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அனைத்துப் போலந்து இளைஞர் அமைப்பு போன்ற தேசியவாத மாணவர் அணிகள், கத்தோலிக்க விசுவாசத்தைத் தங்கள் கொடியாகவே தூக்கிப் பிடித்தன. 1936 மே மாதம் செஸ்டகோவாவின் மாதா திருத்தலத்தில் பல்லாயிரம் மாணவர்கள் கூடி, தங்கள் வாழ்வையும் நாட்டையும் மாதாவுக்கு ஒப்புக்கொடுத்து வாக்குறுதி எடுத்தார்கள். அந்த வாக்குறுதியும் அந்த முத்திரையும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. வளாகத்தில் யூத வெறுப்பைக் கண்டால் கிறிஸ்தவ மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அன்று அந்த வெறுப்பை வகுப்பறைக்குள் சுமந்து வந்ததே ஜெபம் செய்யத் தெரிந்த கைகள்தான்.

திருச்சபை அவர்களைத் தடுத்ததா? அதே 1936-ல் போலந்தின் தலைமைப் பேராயர் கர்தினால் ஹிலோண்ட் ஒரு சுற்றுமடல் எழுதினார். யூதர்களை அடிக்கக்கூடாது, அவர்கள் சொத்தைச் சேதப்படுத்தக்கூடாது என்று அது கண்டித்தது. அதே மடல், யூதர்கள் ஒழுக்கத்தைக் கெடுப்பவர்கள், திருச்சபைக்கு எதிராகப் போராடுபவர்கள் என்றும் சொன்னது. வாங்குவதை நம்மவர் கடையில் வாங்குவது நல்லது என்றது. தடி தூக்கியவன் தனக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டான். வன்முறையைக் கண்டித்துவிட்டு அதன் காரணத்தை ஆமோதிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். போலந்து மாணவர்கள் சிலர் எழுந்து யூத நண்பர்களோடு நின்றார்கள். பேராசிரியர்கள் சிலரும் உட்கார்ந்து பாடம் நடத்த மறுத்தார்கள். 50க்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் கண்டன அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். லுவோவ் பல்கலைக்கழகத்தின் ரெக்டர் ஸ்டானிஸ்வாவ் குல்சின்ஸ்கி, கெட்டோ பெஞ்சு உத்தரவில் கையெழுத்துப் போடுவதைவிடப் பதவியை விடுவதே மேல் என்று 1938 ஜனவரியில் விலகினார். அவருக்குப் பின் வந்தவர் கையெழுத்துப் போட்டார். அதனால் குல்சின்ஸ்கி செய்தது வீண் என்று எவரும் சொல்லிவிட முடியாது. நின்றுகொண்டிருந்த மாணவர்களுக்கு, தங்கள் பக்கம் ஒரு ரெக்டர் இருந்தார் என்பது தெரிந்தது.

இன்றைய வளாகங்களுக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெள்ளையினவாதிகள் தீப்பந்தம் ஏந்தி, யூதர்கள் தங்கள் இடத்தைப் பிடிக்க முடியாது என்று முழங்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு நிலைமை வேறு திசையிலும் கனத்தது. ஹமாஸ் நடத்திய படுகொலை, அதைத் தொடர்ந்து காசாவில் மாண்ட பல்லாயிரம் உயிர்கள், வளாகங்களில் போராட்டக் கூடாரங்கள். காசாவின் பிள்ளைகளுக்காக ஒரு கிறிஸ்தவ மாணவர் வீதியில் இறங்கினால் அதில் தவறே இல்லை. இறங்காமல் இருப்பதுதான் எனக்குப் புரியாது. ஓர் அரசைக் கண்டிப்பது வேறு. கிப்பா என்ற யூதக் குல்லாய் அணிந்த சக மாணவனை நிறுத்தி, அந்த அரசு செய்ததற்கெல்லாம் நீ பதில் சொல் என்பது வேறு. விடுதிக் கதவில் அவன் பொருத்தியிருக்கும் மெசூசாவை, வேதவசனச் சுருள் வைத்த அந்தச் சிறு பேழையை, பிய்த்து எறிவதும், முதலில் இஸ்ரேலைக் கைவிடு, பிறகு எங்கள் சங்கத்தில் சேர் என்று யூத மாணவியிடம் மட்டும் நிபந்தனை வைப்பதும் அந்த முத்திரையின் வேறு வடிவங்கள்தான். சீனாவிலிருந்து வந்த மாணவரிடம் பெய்ஜிங்குக்குக் கணக்குக் கேட்காத சங்கம், யூத மாணவரிடம் மட்டும் ஏன் கேட்கிறது என்று அங்கேயே எழுந்து கேட்க ஒருவர் வேண்டும்.

ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டிய இடம் நம் சொந்த ஐக்கியக் கூட்டம். பெரிய வெள்ளியன்று யோவான் எழுதிய பாடுகளின் கதையை வாசித்துவிட்டு, இயேசுவை யூதர்கள் கொன்றார்கள் என்று பிரசங்கம் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலுவை ரோமானிய ஆளுநரின் தண்டனை. சிலுவையில் தொங்கியவரும் யூதர், கீழே நின்று அழுத தாயும் யூதப் பெண். இந்தப் பழியை யூத இனத்தின் மேல் சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. மார்ட்டின் லூத்தர் 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூல், ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னது. 1938 நவம்பரில் ஜெர்மனியின் ஜெப ஆலயங்கள் எரிந்த இரவு முடிந்து விடிந்தது லூத்தரின் பிறந்தநாள். அதைப் பெருமையோடு சுட்டிக்காட்டி ஒரு லுத்தரன் பேராயர் சிறுபிரசுரமே வெளியிட்டார். லூத்தரின் அந்த எழுத்துகளை லுத்தரன் உலகக் கூட்டமைப்பு 1984-ல் தள்ளிவைத்தது. தரங்கம்பாடி மிஷன் மரபில் வந்த நம் தமிழ் லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு. நம் ஞாயிறு பள்ளிகளில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூதர்களை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, கடைசிக் காலத் தீர்க்கதரிசனக் கணக்கில் அவர்களைக் காய்களாக நகர்த்தும் கூட்டங்களும் வளாகங்களில் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை சபாத் விருந்துக்கு யூத மாணவர் அழைத்தால், கைப்பிரதியைப் பையில் ஒளித்துக்கொண்டு போகாதீர்கள். சாப்பிடுங்கள், கேளுங்கள். அந்த வளாகத்தில் அவருக்கு எந்தப் பாதை பயமாக இருக்கிறது, எந்தப் பேராசிரியர் சனிக்கிழமையில் தேர்வு வைக்கிறார் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தெரியவரும். பிறகு புகார் கொடுக்க அவர் போகும்போது, கூட வரட்டுமா என்று கேட்டுவிட்டு சாட்சியாகக் கூடப் போகலாம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இப்படிக் கூடப் போனவர்கள் கிறிஸ்தவ மாணவர் வரலாற்றில் இருக்கிறார்கள். பிரான்சில் புரொட்டஸ்டன்ட் மாணவர், இளைஞர் இயக்கங்கள் சேர்ந்து 1939-ல் ‘சிமாட்’ என்ற அமைப்பை உண்டாக்கின. போர் காரணமாக அல்சாஸ், லொரேன் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களுக்கு, பெரும்பாலும் தங்கள் சபையாருக்கே, உதவுவதற்காகத் தொடங்கியது அது. 1940 அக்டோபரில் ஜெர்மனியின் பாடன், பலாட்டினேட் பகுதிகளிலிருந்து சுமார் 6,500 யூதர்களை ரயிலேற்றிப் பிரனீஸ் மலையடிவாரத்துக் குர்ஸ் முகாமில் நாஜிகள் தள்ளினார்கள். சிமாட்டின் பொதுச் செயலாளர் மட்லேன் பரோ, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், முகாமின் வாசலோடு திரும்பவில்லை. அந்தச் சேற்றுக்குள், முள்வேலிக்கு உள்ளேயே, அவருடைய தோழிகள் குடியேறி வேலை செய்தார்கள். 1942-ல் முகாம்களிலிருந்து யூதர்களை ஏற்றிய ரயில்கள் கிழக்கே கொலைமுகாம்களுக்குப் புறப்படத் தொடங்கியதும், பொய்யான அடையாளச் சீட்டுகளோடு சுவிட்சர்லாந்து எல்லைக்கு ஆட்களைக் கடத்தும் வேலைக்கு இறங்கினார்கள். தங்கள் சபையாருக்காகக் கட்டிய அமைப்பை அப்படியே மற்றவருக்குத் திறந்துவிட்டதுதான் அவர்கள் செய்தது.

விலை கொடுத்தவர்களும் உண்டு. 1942 ஜூன் 7 முதல், ஜெர்மனி பிடித்திருந்த பிரான்சில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று உத்தரவு. பாரிஸில் யூதரல்லாத இளைஞர்கள் சிலர் தாங்களே காகித நட்சத்திரம் வெட்டி, நடுவில் யூதர் என்பதற்குப் பதிலாக விளையாட்டாக வேறு வார்த்தைகள் எழுதிக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பிடிபட்டவர்களை டிரான்சி முகாமில் போட்டு, ‘யூதர்களின் நண்பர்’ என்று எழுதிய பட்டையை அணியவைத்தார்கள். ஆகஸ்ட் இறுதிவரை உள்ளேயே இருந்தார்கள்.

(அடுத்த வாரம்: 1940 நவம்பரில் லைடன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் உரையும், அதை இரவோடு இரவாகப் படியெடுத்துப் பரப்பிய மாணவர்களும்)