அரை மாத்திரையின் இழப்பு

கண்டி மாநகரில் நடைபெற்ற இலக்கியக் கூட்டமொன்றில், முதிய பண்டிதர் ஒருவரைப் பலர் முன்னிலையில் திருத்திய குற்றம் என்னுடையது. அதனை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் விடயத்துக்கு வருவதே முறை.

அன்று மாலை நல்ல மழை. மண்டபத்தின் தகரக் கூரைமேல் அது கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே திருகோணமலை வீதியில் வாகனங்களின் இரைச்சல். உள்ளே பின்வரிசையில் தேநீர்க் கோப்பைகளின் ஓசையும் சிறு பேச்சும். சொற்பொழிவு முடிந்ததும் மாணவனொருவன் எழுந்து, தொல்காப்பியத்து வேற்றுமைமயங்கியலில் தனக்கிருந்த ஐயமொன்றைக் கேட்டான். சொற்பொழிவாற்றியவர் என் ஆசிரியர், எழுபத்தாறு வயதினர், இலக்கணத்தை ஏட்டைப் பாராமலே சொல்ல வல்லவர். அவர் சிறிது நேரம் அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, உயிர்மயங்கியலைப் பற்றி விரிவாக விடைகூறத் தொடங்கினார். அஃது எழுத்ததிகாரத்து இயல். அவன் கேட்டதோ சொல்லதிகாரத்தது. முன்வரிசையில் இருவர் நகைத்தனர். நானாவது பொறுத்திருக்கலாகாதா? எழுந்து, "ஐயா, அவன் கேட்டது அதுவன்று" என்றேன். அவர் அக்கணமே அமர்ந்துவிட்டார்.

அதன்பின் நான்கு மாதங்கள் எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. மறதி பிடித்துக்கொண்டது என்றனர் சிலர். செருக்கு என்றனர் வேறு சிலர். செவிடு என்று நான் முடிவுகட்டினேன்.

மனம் உறுத்தவே, ஒரு நாள் கட்டுகஸ்தோட்டையிலுள்ள அவர் இல்லத்துக்குச் சென்றேன். விறாந்தையில் இருவரும் அமர்ந்து இரண்டு மணிநேரம் உரையாடினோம். நான் குரலைச் சற்றேனும் உயர்த்தவில்லை. அவர் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. அடுக்களையில் கேத்தல் கொதிப்பதை எனக்கு முன்னரே கேட்டு எழுந்தவரும் அவரே. வைத்தியரிடம் செவியைச் சோதித்துக்கொண்டதாகவும், இந்த வயதுக்கு இது நல்ல செவி என்று அவர் கூறியதாகவும் சொன்னார். பின்னர் மெல்ல, "சத்தமெல்லாம் கேட்குது தம்பி. சனம் கூடினால் சொல்லுத்தான் பிரிபடேல்லை" என்றார்.

இவ்வொரு வாக்கியத்தின் பொருளை அறியவே பல நாள் நூல்களையும் கட்டுரைகளையும் தேடி வாசித்தேன். அறிந்ததை இங்கே தருகிறேன்.

கேட்டல் செவியின் தொழில் என்றே நாம் பழகிவிட்டோம். செவி, வாயில் மட்டுமே. உட்செவியிலுள்ள நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. அவை ஒலியதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுவன. மனிதரிடத்தில் அழிந்த மயிர்க்கலம் மீண்டும் முளைப்பதில்லை. நுண்ணிய உயர்ந்த ஒலிகளை ஏற்கும் கலங்கள் சுருளின் வாயிலருகே இருக்கின்றன. முதுமையில் முதலில் தேய்வனவும் பெரும்பாலும் அவையே. தேயிலைத் தொழிற்சாலையில் உருளைப் பொறிகளிடையே ஆயுளைக் கழித்த நம் தோட்டத் தொழிலாளருக்கு, முதுமையோடு இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. இவையெல்லாம் முன்னரே அறியப்பட்டவை.

ஆயின் செய்தி செவியோடு நின்றுவிடுவதில்லை. நரம்பின் வழியே மூளைத்தண்டுக்கு ஏறி, அங்கே இரு செவிகளின் செய்தியும் ஒன்றையொன்று சந்தித்து, நடுமூளையைக் கடந்து, பொட்டுப் பக்கத்திலுள்ள மூளை மேற்பட்டையை அடைந்த பின்னரே அது சொல்லாகிறது. இவ்வழியும் மூப்படைகிறது.

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரசாக்கோ, சைமன், அண்டர்சன் ஆகிய மூவர் இதனைத் தெளிவாகக் காட்டினர். 18 முதல் 30 வரை வயதுடைய இளைஞரையும், 61 முதல் 73 வரை வயதுடைய மூத்தோரையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரு சாராருக்கும் செவிச்சோதனையின்படி கேட்கும் ஆற்றல் குறைவற்றதே என்பதைக் கருத்திற் கொள்க. ஒருவர் பேசும்போது பின்னணியில் இன்னொருவர் பேச்சையும் ஒலிக்கவிட்டு, நடுமூளையிலும் மேற்பட்டையிலும் எழுந்த சைகைகளை அளந்தனர். மூத்தோரின் நடுமூளை, அமைதியிலேயே பேச்சொலியைச் சிறிது சிதைத்துத்தான் ஏந்தியது. இரைச்சலில் அச்சிதைவு மிகுந்தது. மேற்பட்டையோ ஒரே பேச்சைப் பிரித்தறிய இளைஞரினும் கூடிய நேரம் எடுத்துக்கொண்டது. வேண்டாத சைகையை அடக்கும் ஆற்றல் மூப்பில் தளர்வதே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. விலங்குகளின் கேள்வி வழிகளில், அடக்கும் தொழிலையுடைய 'காபா' என்னும் இரசாயனப் பொருள் வயதோடு குன்றுவதைக் கண்டுமிருக்கின்றனர்.

இங்கே நம் இலக்கண நூலார் கைகொடுக்கிறார்கள். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரையாவது கண்ணிமைக்கும் அல்லது கைந்நொடிக்கும் பொழுது. உயிரொலி வலியது, தாழ்ந்த அதிர்வுடையது, நீண்டு நிற்பது. மெய்யொலிகளுட் பல மெலியன, உயர்ந்த அதிர்வுடையன, கணத்தில் மறைவன. முதுமையின் செவி உயிரை ஏற்றுக்கொண்டு மெய்யைத் தவறவிடுகிறது; சத்தம் கேட்கிறது, சொல் பிரிபடவில்லை என்பதன் ஒரு பாதி இது. மறு பாதி காலத்தைப் பற்றியது. 'கடை' என்பதையும் 'கட்டை' என்பதையும் சொல்லிப் பாருங்கள். பின்னதில் நா ஒரு கணம் ஒலியை முற்றாக அடைத்து நிற்கிறது. ஒலியற்ற அந்த இடைவெளியும் சொல்லின் உறுப்பே. இத்தகைய நுண்ணிய இடைவெளிகளை அளந்தறியும் கூர்மை வயதோடு மழுங்குகிறது. ஆங்கிலத்தில் 'டிஷ்', 'டிட்ச்' என்னும் இரு சொற்களை வேறுபடுத்தும் மௌனத்தை வைத்து, இதே மேரிலாந்தில் கோர்டன் சலான்ற் என்னும் பேராசிரியை முதலானோர் இதனை ஆராய்ந்துள்ளனர். ஒற்று இரட்டித்தலால் பொருள் வேறுபடும் சொற்கள் மலிந்த நம் மொழியில் இவ்வாராய்ச்சியை யாரேனும் செய்தல் வேண்டும். பேராதனை மாணவர் சிலர் முன்வரலாகாதா?

சாதாரணச் செவிச்சோதனையில் அமைதியான அறையில் தனித்தனி ஒலிகளையே கேட்பிக்கின்றனர். சந்தையிலும் கூட்டத்திலும் படும் பாட்டை அது காட்டுவதில்லை. 2009இல் குஜாவா, லிபர்மன் என்னும் இருவர் சுண்டெலிகளிடத்தே கண்டது இன்னும் வியப்புடையது. பேரிரைச்சலுக்குப் பின் அவற்றின் கேட்கும் அளவு பழைய நிலைக்கு மீண்டுவிட்டபோதும், மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்குமிடையேயான இணைப்புகள் சிற்சில பகுதிகளில் ஏறத்தாழப் பாதி அழிந்திருந்தன. அளவுகோலில் குறையில்லை, வழியில் குறையுண்டு.

இனி, அன்று மண்டபத்தில் நடந்ததற்கு வருகிறேன். மூளை தனக்கு வந்து சேராத எழுத்துகளைத் தன் அறிவிலிருந்து எடுத்து நிரப்புகிறது. சொல்வளமோ வயதால் எளிதிற் குன்றுவதில்லை. ஆகையால் வாக்கியத்தின் போக்குத் தெரிந்தவிடத்து முதியோர் இளைஞருக்கு ஈடாகவே கேட்கின்றனர்; போக்குத் தெரியாத திடீர்க் கேள்வியிலேதான் இடறுகின்றனர். என் ஆசிரியருக்கு 'மயங்கியல்' என்ற ஈறு எட்டிற்று. முன்னே நின்ற சொல்லை மழை கொண்டுபோயிற்று. அறுபது ஆண்டுக் கல்வி அவ்விடத்தே 'உயிர்' என்பதைக் கொண்டுவந்து வைத்தது. கல்லாதவர் அப்பிழையைச் செய்திருக்கவே முடியாது. இதனைக் கண்டபோது எனக்கு வெட்கம் மிகுந்தது.

மறதி என்று பேசினாரே, அவர்களுக்கும் ஒன்று. பிரித்தறிவதிலேயே மனத்தின் வலிமை செலவாகிவிட்டால், கேட்டதை நினைவில் இருத்த மிச்சம் குறைவே. கேளாமையினால் ஒருவர் ஒதுங்குவதும், ஒதுங்கியபின் அறிவு தளர்வதும் தொடர்புடையன எனப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 70 முதல் 84 வரை வயதுடைய 977 பேரைக் கொண்டு கேட்பொலிக் கருவியின் பயன் சோதிக்கப்பட்டது. எல்லாரையும் ஒருங்கே நோக்கியபோது மூன்றாண்டில் வேறுபாடு தோன்றவில்லை; அறிவுத் தளர்ச்சிக்கு ஏதுக்கள் மிக்கிருந்தோரிடத்தில் மட்டும் அத்தளர்ச்சி 48 வீதம் மந்தமாயிற்று. கருவி ஒலியைப் பெருக்கும். கணத்தின் கூர்மையை மீட்டுத் தராது. ஆயினும் வேண்டியவர் அதனை அணிய நாணுதல் பேதைமை. மூக்குக்கண்ணாடிக்கு யார் நாணுகிறார்?

முதியோரிடம் உரக்கக் கத்துவதால் பயனில்லை என்பதையும் இவற்றால் அறிந்தேன். கத்தும்போது வலுப்பெறுவது பெரும்பாலும் உயிரே. மெய் அவ்வளவு வலுப்பெறுவதில்லை. முகம் தெரிய அமர்ந்து, சற்று நிறுத்தி, ஒற்றுகளைத் திருத்தமாக உச்சரித்தால் போதும். வகுப்பில் நாங்கள் மாணவருக்குச் சொல்லும் அதே விதிதான். இதை எழுதும் எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. கடைசி வாங்கிலிருந்து எழும் கேள்வியை இரண்டாந்தரம் சொல்லச் சொல்வது என் வழக்கமாகி ஓராண்டாகிறது. மாணவர் மெல்லப் பேசுகிறார்கள் என்றே இதுவரை எண்ணியிருந்தேன்.

சென்ற சனிக்கிழமை அந்த மாணவனைக் கட்டுகஸ்தோட்டைக்கு அழைத்துச் சென்றேன். ஆசிரியருக்கு எதிரே, வெளிச்சத்தில் முகம் தெரியுமாறு அவனை இருத்தினேன். அவன் தன் ஐயத்தை மீண்டும் கேட்டான். யாழ்ப்பாண வீதியில் லொறியொன்று இரைந்து சென்றது. ஐயா கையுயர்த்தி, அது பாலத்தைக் கடக்கும்வரை பொறுத்திருந்தார். "இப்ப சொல்லும் தம்பி" என்றார். அவன் சொன்னான். வேற்றுமைமயங்கியல் முதற் சூத்திரத்திலிருந்து தொடங்கி, விளக்கு வைக்கும்வரை அவர் பாடஞ் சொன்னார்.