மண் திரள்களின் சராசரிப் பருமன்

கெடார் வட்டாரத்துச் செம்மண் நிலங்களில் மணிலாக்கொட்டை விதைத்தபின் மழை பெய்து, மேல்மண் இறுகி ஓடு கட்டினால் முளை வெளிவராமல் விதை வீணாகும். மண் திரள்கள் நீரில் கரைந்துவிடுவதே இதற்குக் காரணம்.

இத்திரள்களின் உறுதியை அளக்க 1936-இல் யோடர் என்பார் நனைசல்லடை முறையை வகுத்தார். உலர்ந்த மண் 100 கிராமை அடுக்குச் சல்லடைகளில் இட்டு, நீருக்குள் மேலும் கீழும் அசைத்து, தங்கியதை உலர்த்தி நிறுக்க வேண்டும். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை 20 கிராம், 1 முதல் 2 வரை 40 கிராம், அதற்குக் கீழ் 40 கிராம் எனக் கொள்வோம். நடு அளவுகளாகிய 3, 1.5, 0.5 ஆகியவற்றை முறையே எடைப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் சராசரி 1.4 மில்லிமீட்டர்.

இவ்வெண் சிறுத்தால் மண் எளிதில் கரையும். தொழு உரமும் பசுந்தாள் உரமும் இடுவதே இதனை உயர்த்தும் வழி.