அத்தையின் உள்ளங்கைக்குக் கேட்ட பாட்டு

என் மாமியாருக்குப் பாட்டு என்றால் உயிர். செந்துறையில் திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும்போது பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்க வேண்டும். 1965-ல் 'திருவிளையாடல்' படம் வந்தபோது அத்தைக்குப் பன்னிரண்டு வயது. கே.பி. சுந்தராம்பாளின் குரலுக்காகவே வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்களாம்.

அப்படிப்பட்டவர் மூன்று வருஷத்துக்கு முன்பு ரேடியோவை மூடி வைத்துவிட்டார். "பழுதாப் போச்சும்மா" என்றார். திருப்பிப் பார்த்தேன், அது நன்றாகத்தான் பாடியது. பழுது எங்கே என்று எனக்கு அப்போது புரியவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்று சலித்துக்கொண்டேன், கத்தவும் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காது டாக்டர்தான் விளக்கினார். வயதினால் வரும் செவிக் குறையில் மெல்லிய, கீச்சான ஒலிகள்தான் முதலில் போகுமாம். பேச்சு காதில் விழும், வார்த்தை பிடிபடாது. கத்துவதைவிட முகத்துக்கு நேராக நிதானமாகப் பேசுவதுதான் நல்லது என்றார். காதுக் கருவியும் வாங்கினோம். பாத்திரச் சத்தம் தலையில் இடிக்கிறது என்று அத்தை அதை டப்பாவிலேயே வைத்துவிட்டார். (காய்ச்சிய எண்ணெய் விடச் சொல்லிப் பக்கத்து வீட்டு யோசனை வேறு! தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.)

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், அங்கே ஜே.பி. நகரில் 2019-ல் திறந்த இந்திய இசை அருங்காட்சியகத்துக்கு அப்பாயியைக் கூட்டி வரச் சொல்லி நச்சரித்தாள். முதல் தடவை திருச்சி போய் ராத்திரி ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தால், அன்று திங்கட்கிழமை, விடுமுறை நாள்! விசாரிக்காமல் போனது எங்கள் தப்பு. மறுபடி கிளம்ப ஒரு வருஷம் ஆயிற்று.

உள்ளே ஒன்பது கூடங்கள். சினிமாப் பாட்டு, நாட்டுப்பாட்டு, இசைத்தட்டுக் காலம் என்று விரிகிறது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவானதும், பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தை அடக்கிப் பாட வேண்டியிருந்ததும் எனக்கு ஆச்சரியம். ஆனால் அத்தை காதில் மாட்டிக் கேட்கும் கருவியை உடனே கழற்றிவிட்டார். "எல்லாம் கரகரங்குது. நீங்க கேளுங்க கண்ணு." இவ்வளவு தூரம் இழுத்து வந்தோமே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

பிஸ்மில்லா கானின் ஷெனாய் முன்னால் மட்டும் நின்றார். "நம்ம நாயனத்துக்குத் தம்பி மாதிரி இருக்கே!" சரிதானே? இரண்டும் சீவாளி வைத்து ஊதுவதுதான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாயனம் நீளம், இது குட்டை.

கடைசியில் வெளியே ஒலித் தோட்டத்துக்குப் போனோம். அங்கே எதையும் தொடலாம், தட்டலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கல்லில் செய்த ஒன்றை மகள் ஒலிக்கச் செய்தாள். மதுரை, நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்கள் ஞாபகம் வந்தது. அவள் அப்பாயியின் கையைப் பிடித்து அந்தக் கல்லின்மேல் வைத்தாள்.

அத்தை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வருதுடி... கையில வருது" என்றார்.

பிறகு தானே செய்து பார்த்தார், மறுபடி, மறுபடி. பின்னால் குழந்தைகள் காத்திருக்க, நான்தான் நகர்த்திக் கூட்டி வந்தேன். ரயிலில் டப்பாவைத் திறந்து காதுக் கருவியை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் வாரம் தினம் அரைமணி, அப்புறம் ஒரு மணி என்று பழகினோம்.

இப்போது எங்கள் வீட்டு ரேடியோ மரப்பெட்டியின் மேல் இருக்கிறது. நான் ஒருநாள் துடைத்துவிட்டு அலமாரியில் வைத்ததற்கு, "பெட்டி மேலயே வைம்மா, அப்பத்தான் கைக்கும் கேக்கும்" என்று சத்தம் போட்டார்.