காயாம்பூவை அடையாளம் காண்பது

காயா, சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காடுகளில் வளரும் புதர்ச்செடி. சில இடங்களில் சிறு மரமாகவும் உயரும். திருமாலுக்குக் காயாம்பூ வண்ணன் என்று பெயர் இருப்பது காஞ்சிபுரத்துப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பூவைப் பார்த்தவர்கள்தான் குறைவு. தென்னேரி போன்ற ஊர்களில் வேலியில் படரும் சங்குப்பூவைக் காட்டி, இதுதான் காயா என்று சொல்லிவிடுகிறார்கள். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. சங்குப்பூ அவரை இனத்துக் கொடி. காயா கொடியே அல்ல.

பூ இல்லாத நாளில் இலையைப் பார்க்க வேண்டும். கிளையில் எதிரெதிராக, தடித்து, தோல்போல விறைத்து, மேற்புறம் பளபளவென்று இருக்கும். நாவல் இலையும் எதிரெதிர்தான், ஆனால் கசக்கினால் மணக்கும். காயா இலையில் அந்த மணம் இல்லை.

மாசி, பங்குனியில் பூக்கும்போது சந்தேகத்துக்கே இடமில்லை. இலை உதிர்ந்த பழைய கிளைக் கணுக்களில், பட்டையை ஒட்டியே, சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக அடையும். ஒரு பூ ஒரு செ.மீ.க்கும் சிறியது. நான்கு இதழ், எட்டு மகரந்தத்தாள், எல்லாம் கருநீலம். தூரத்திலிருந்து பார்த்தால் கிளைக்கு நீலநூல் சுற்றியதுபோல் தெரியும். சங்கப் பாடல்கள் இதைக் கார்காலத்து முல்லை நிலத்தில் வைத்தன. மழைக்குப் பின்னும் பூப்பதுண்டு என்பதால் அதில் முரண் இல்லை. பூ முடிந்ததும் பட்டாணி அளவில் காய் பிடிக்கும். பழுத்தால் கறுக்கும், தின்னலாம். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி 1795 முதல் நூல் வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க், இவ்வினச் செடி ஒன்றுக்கு ‘உண்ணத்தக்கது’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரையே இட்டார்.

நெசவு ஊர்க்காரர்களுக்கு இலைதான் முக்கியம். மண்ணிலுள்ள அலுமினியத்தைக் காயா தன் இலையில் சேர்த்துவைக்கிறது. துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் செய்யும் வேலையை அந்த இலை செய்யும். சோழமண்டலத்துச் சாயக்காரர்கள் சாயவேரின் சிவப்போடு இதைச் சேர்த்தது அதனால்தான். இலையிலிருந்து மஞ்சள் சாயமும் கிடைக்கும்.

காடு வெட்டப்பட்ட இடங்களில் காயா இன்று பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. மரக்காணம் பக்கத்துப் புத்துப்பட்டு அய்யனார் காட்டில் பார்க்கலாம். அங்கே போகிறவர்கள் கிளையை ஒடிக்க வேண்டாம்.