ஊரார் தாமே எழுதும் ஊர்ப்படம்

கிராமத்தின் விவரங்களை எழுதி வைத்துக் காப்பது நமக்குப் புதிதன்று. சாகுபடி விவரம் அடங்கலிலும், நிலத்தின் எல்லை புலப்படத்திலும், பாத்தியதை சிட்டாவிலும் அடங்கியிருக்கின்றன. கர்ணம், மணியக்காரர் முதலிய பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980ஆம் ஆண்டில் ரத்து செய்யப்பட்ட பின்னும், இக்கணக்குகள் கிராம நிர்வாக அலுவலர் வசம் தொடர்ந்து வருகின்றன. ஆயினும், உழவு யந்திரம் வாடகைக்குக் கிடைப்பது எங்கே, விதைக்கடை எந்நாளில் மூடியிருக்கும், மாட்டு வைத்தியசாலைக்கு மழைக்காலத்தில் வண்டி போகும் வழி எது என்பன போன்றவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவை ஊராருடைய ஞாபகத்தில் மட்டும் இருப்பவை. ஞாபகமோ ஆளுடன் போய்விடுவது.

இவ்வித விவரங்களை ஊராரே எழுதி, ஊராரே திருத்தி, எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி அமைந்த பொதுப்படம் ஒன்று இணையத்தில் உண்டு. அதன் பெயர் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். இங்கிலாந்தில் சர்க்கார் அளவை இலாகாவின் படங்களை உபயோகிக்கக் கட்டணமும் நிபந்தனையும் மிகுந்திருந்த காலத்தில், 2004ஆம் ஆண்டு, ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கினார். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹைட்டி தேசத்தில் பூகம்பம் உண்டானபோது, பல தேசத்துத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் அதன் தலைநகரத் தெருக்களை இப்படத்தில் வரைந்து, மீட்பு வேலைக்காரருக்கு வழிகாட்டினர். 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்திலும் நீர் தேங்கிய தெருக்களைப் பொதுஜனங்கள் இப்படத்தின்மேல் குறித்தனர்.

திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர் ரஸ்தாவில் உள்ள வேங்கிக்காலை உதாரணமாகக் கொள்வோம். ஜில்லா கலெக்டர் கச்சேரி இங்கே அமைந்திருப்பதால், ஏரியும் வயலுமாயிருந்த ஊரைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. இத்தகைய ஊரில்தான் படம் சரியாயிருப்பது மிகவும் அவசியம். காரணம் யாதெனில், இப்படத்தை எழுதுவோரிற் பலர் ஊரை நேரில் கண்டவரல்லர். செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து, எங்கோ இருந்துகொண்டு வரைகிறவர்கள். கோடையில் எடுத்த படத்தில் வற்றிய ஏரி வெறும் திடலாகத் தோன்றும். புதர் மூடிய வரத்துக்கால் தோன்றவே தோன்றாது. வரைகிறவர் அதை விட்டுவிட்டால், மனை வாங்க வருகிற அயலூரார் படத்தைப் பார்த்து அங்கே கால் இல்லை என்றே எண்ணுவர். அதன் பயனை ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைமடைக் குடியானவரும் மனை வாங்கியவரும் சேர்ந்து அநுபவிக்க நேரிடும்.

நீரோட்டத்தை வரைவதில் ஒரு நுட்பம் உண்டு. வாய்க்காலைக் குறிக்கும் கோட்டை எத்திசையில் இழுக்கிறோமோ, அத்திசையிலேயே நீர் ஓடுவதாகப் படம் கொள்ளும். ஆகவே மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்தை நோக்கி வரைய வேண்டும். கலங்கலிலிருந்து புறப்படும் உபரிநீர்க்காலை அடுத்த ஏரி வரையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆண்டு முழுதும் நீரில்லாத ஏரியையும் காலையும் பருவநீர் உடையவை என்று குறிக்கவும் இடமுண்டு. தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதென்று நீர்க்கட்டிக்குத் தெரிந்த அளவு எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. ஆதலால் இவ்வேலையில் இளைஞர் கைப்பேசியைப் பிடிக்க, முதியோர் கரைமேல் நடந்து சொல்லுதலே உசிதமான முறையாகும்.

1-12-2024 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டதை வாசகர் மறந்திரார். அத்தகைய வேளையில், எந்தச் சந்தில் வண்டி நுழையும், மலையிலிருந்து இறங்கும் ஓடை எது என்பவை வெளியூர் மீட்புப் படையாருக்கு முன்னமே தெரிந்திருத்தல் பெரிய சகாயம்.

எவரும் திருத்தலாம் என்றால் பொய்யும் எழுதலாமே என்று கேட்பது நியாயமே. ஒவ்வொரு திருத்தமும் செய்தவரின் கணக்குப் பெயருடனும் நேரத்துடனும் பதிவாகிறது. தவறானதைப் பழைய நிலைக்கு மாற்றலாம். தரையில் நேரில் காண்பதே முடிவான சாட்சி என்பது அவர்களுடைய விதி. ஆனால் கவனிப்பார் இல்லாத ஊரில் தவறு வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. வேறு கம்பெனிகளின் படத்தைப் பார்த்து நகல் எடுத்தல் கூடாது. தனிமனிதர் பெயரையோ வீட்டுத் தொலைபேசி எண்ணையோ எழுதலாகாது. இப்படம் பட்டாவுக்கு ஈடாகாது. எல்லை வழக்குக்கு இதைக் கொண்டுபோவது வீண்.

இடங்களை மட்டுமே இப்படம் தாங்கும். ஊராரின் அநுபவ அறிவுக்கு வேறு ஏடு உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைந்து, அவ்விடத்து நெல் வகை, கால்நடை, மூலிகை, அவற்றைப் பற்றி ஜனங்கள் அறிந்தவை யாவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அதில் ஊரார் சொன்னதை ஊரார் சொல்லிலேயே எழுதுதல் நலம்; புத்தகத்திலிருந்து நிரப்பிய பதிவேட்டினால் யாருக்கும் லாபமில்லை. மதுரைச் சேவா நிறுவனத்தார் 'நம்வழி வேளாண்மை' என்னும் பத்திரிகையில் குடியானவர்களின் கைம்முறைகளை வெளியிட்டுள்ளமையும் இவ்வகையைச் சேர்ந்ததே. சர்க்கார் 2018இல் வெளியிட்ட உழவன் செயலியில் விதை, உர இருப்பும் வாடகை யந்திர விவரமும் கிடைக்கும். ஆனால் அது இலாகா எழுதுவது, ஊரார் திருத்துவதன்று.

தொடங்க விரும்புவோர் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தளத்தில் இலவசமாகக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளலாம். வரையத் தெரியாதவர், பிழையுள்ள இடத்தில் குறிப்பு ஒன்றை மட்டும் இட்டால், தெரிந்தவர் திருத்துவர். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்னும் செயலி சிறு கேள்விகள் கேட்டு, விடைகளைப் படத்தில் சேர்க்கும். பெயர்களைத் தமிழிலும் எழுத இடமிருப்பதால், ஏரி, மதகு, களம், சந்தை ஆகியவற்றை ஊரில் வழங்கும் பெயராலேயே எழுதுக. முதலில் ஏரியும் அதன் கால்களும், கடைகள் பிறகு. நீர் வரத்து கண்ணுக்குத் தெரியும் மழைநாட்களிலேயே கரையை நடந்து பார்த்துவிடுதல் நன்று.